மிச்சமிருந்த ஐந்து நிமிடம்

அத்தியாயம் பதினான்கு

ஆறு நிமிடப் பாடம் பதினோரு நிமிடம் ஓடினால், மிச்ச ஐந்து நிமிடத்தில் என்னதான் இருக்கும்? விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்றபோது அம்சாவுக்கு அது தெரிந்துபோனது. காதிலிருந்த இயர்போனைப் பிடுங்கிக் கைப்பைக்குள் போட்டாள்.

போன வாரம் அவளை அந்த பஸ்ஸில்தான் விட்டுவிட்டு வந்தோம். புதிதாகச் சேர்ந்துகொள்பவர்களுக்கு நாலு வரி சொல்லிவிடுகிறேன். அம்சா திண்டிவனத்தில் ஓர் உதவி பெறும் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர். வீடு விழுப்புரத்தில். இந்த ஜூன் மாதத்திலிருந்து அவள் வகுப்பில் பாடம் நடத்துவதை விட்டுவிட்டாள். பாடத்தை ஆறு நிமிட வீடியோவாக எடுத்து முந்தின நாளே பிள்ளைகளின் வாட்ஸ்அப் குரூப்புக்கு அனுப்பிவிடுவாள். வீட்டில் பார்த்துவிட்டு வரவேண்டும். வீட்டில் போன் இருந்தும் கைக்குக் கிடைக்காத ஏழு பேருக்குக் காலை எட்டரை மணிக்கு பள்ளிக் கம்ப்யூட்டர் அறை திறந்திருக்கும்.

வகுப்பு நேரம் முழுக்கக் கணக்குப் போடுவதற்கு. அதாவது, பள்ளியில் கேட்கிற பாடம் வீட்டுக்குப் போய்விட்டது, வீட்டில் போடுகிற கணக்கு பள்ளிக்கு வந்துவிட்டது. ஹெட்மாஸ்டர் கோகுலகிருஷ்ணன் இதற்குத் தலைகீழ் வகுப்பு என்று பெயர் வைத்திருக்கிறார். பிள்ளைகளுக்கு அது உல்டா கிளாஸ்.

பெற்றோர்களுக்கு அது என்னவென்று போன வாரம் பார்த்தோம். கிளியனூர் ராஜ்குமார் என்கிற மேஸ்திரி ஒரு புகார்க் கடிதம் எழுதி, இன்னும் பதினேழு பேரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டார். ‘டீச்சர் பாடம் நடத்துவதே இல்லை. என் மகள் கலையரசியின் நோட்டு காலியாகக் கிடக்கிறது.’ அந்தப் புகாரை இன்று திங்கட்கிழமை பதினோரு மணிக்கு ஹெட்மாஸ்டர் விசாரிக்கிறார். புகார் சரிதான் என்று முடிவானால் நாளையிலிருந்து பழையபடி போர்டும் சாக்பீஸும்தான்.

அம்சா கணவனுக்குப் போன் போட்டாள். சீனுவாசன் விழுப்புரத்தில் விதைக்கடை வைத்திருப்பவன். வீட்டு ஹாலில் வெள்ளைப் பலகைக்கு எதிரே இரண்டு விதை டப்பாக்களுக்கு நடுவில் அம்சாவின் போனை நிறுத்தி, பாடத்தைப் படம் பிடித்து, குரூப்புக்கு அனுப்பிவைக்கிற வேலையும் அவனுடையதே.

“ஏங்க, நேத்து நான் வணக்கம் சொன்னதும் நிறுத்தினீங்களா?”

“நிறுத்தினேனே.”

“எப்ப?”



“நீ வணக்கம் சொல்லிக்கினு இருக்கும்போது மல்லாட்டை விதைக்கு ஒரு போன் வந்துச்சு. வெளிய போய்ப் பேசினேன். அப்புறம் வந்து நிறுத்தினேன். அப்படியே குரூப்ல போட்டுட்டேன்.”

“நானும் ஆனந்தும் சண்டை போட்டது பூரா அதுல இருக்குதுங்க.”

“ஐயய்யோ!”

“கலையரசி பேரைச் சொல்லிட்டேங்க. நாப்பத்திரெண்டு வீட்டுக்கும் போயிருக்குது.”

சீனுவாசன் கடையைப் பூட்டிவிட்டு வர்றேன் என்று மட்டும் சொன்னான்.

ஆனந்தராஜ் சீனுவாசனின் தம்பி. திண்டிவனத்தில் டியூஷன் சென்டர் நடத்துகிறான். அங்கேயே அறை எடுத்துத் தங்கி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் அண்ணன் வீட்டுக்கு வருவான். நேற்று வந்தவன் ஒன்றும் பெரிதாகக் கேட்டுவிடவில்லை. “உங்க கிளாஸ்லேர்ந்து மட்டும் பதினாலு பேரு நின்னுட்டாங்க அண்ணி. வீட்டுக்கணக்கே இல்லன்னா எவன் டியூஷனுக்கு வருவான்?” என்றான். நியாயமான கேள்விதான். ஆனால் புகார் வந்த வாரத்தில் அம்சாவிடம் கேட்கக் கூடாத கேள்வி. அவள் வெடித்துவிட்டாள்.

“கலையரசி ரெண்டு வருஷம் உங்கிட்ட படிச்சாளே, அவளுக்கு பின்னம் கூட்டத் தெரியாதுன்னு உனக்குத் தெரிஞ்சுதா? பத்தாவது படிக்கிற பொண்ணு, அரையும் மூணுல ஒண்ணும் அஞ்சுல ரெண்டுன்னு எழுதறா!”

பஸ்ஸில் அம்சா இயர்போனைப் பிடுங்கியது அந்த இடத்தில்தான். வீடியோவை அழித்தாள். ஆனால் அழிப்பதற்கு முன் பார்த்தபோது நீல டிக் முப்பத்தெட்டு பேருக்கு விழுந்திருந்தது.  புகார், போர்டு, சாக்பீஸ் எல்லாம் பின்னால் போய்விட்டன. பதினைந்து வயதுப் பெண் ஒருத்தியின் மானத்தை ஊர் முழுக்க அனுப்பிவைத்துவிட்டோமே என்ற ஒரே நினைப்புதான் திண்டிவனம் வரைக்கும் கூடவே வந்தது.

*

முதல் பீரியடு பத்தாம் வகுப்பு. அம்சா உள்ளே போனபோது பெஞ்சுகள் எதிரெதிராகத் திருப்பிப் போடப்பட்டு, நாலு நாலு பேராக உட்கார்ந்திருந்தார்கள். எப்போதும்போலச் சத்தம். எப்போதும்போலத் திருமுருகன் பக்கத்துக் கூட்டத்தில் போய் நின்று வாதாடிக்கொண்டிருந்தான். யாரும் அவளை ஒரு மாதிரியாகப் பார்க்கவில்லை.

“நேத்து வீடியோவை முழுசா பார்த்தீங்களா?”

“பார்த்தோம் மிஸ்!” கோரஸாக வந்தது.

“கடைசி வரைக்கும்?”

“கடைசி வரைக்கும் மிஸ்!”

அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். “கடைசியில என்ன வந்துச்சு?”

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். திருமுருகன்தான் எழுந்தான். “நன்றி, வணக்கம்னு சொன்னீங்க மிஸ்.”

“அதுக்கப்புறம்?”

“அதுக்கப்புறம் என்னா மிஸ் இருக்குது? வணக்கம்னா ஆஃப் பண்ணிட வேண்டியதுதான்.”

வகுப்பு சிரித்தது. வரிசை வரிசையாக, வெவ்வேறு விதமாகக் கேட்டுப் பார்த்தாள். வணக்கத்துக்குப் பிறகு ஒருத்தரும் ஒரு நொடிகூடத் தங்கவில்லை. பாதிப் பேர் ‘நன்றி’யிலேயே கழன்றுகொண்டிருந்தார்கள். உயிரைக் கொடுத்து எடுத்த வீடியோவின் முடிவுவரை எந்தப் பிள்ளையும் பார்ப்பதில்லை என்று தெரிந்ததற்காக இவ்வளவு சந்தோஷப்பட்ட டீச்சர் தமிழ்நாட்டில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

மூச்சை விட்டுக்கொண்டு வருகைப் பதிவேட்டைத் திறந்தாள். நாற்பத்தொரு பேர்.

“கலையரசி எங்க?”

“வரல மிஸ்” என்றாள் அவளுடைய பெஞ்சுத் தோழி பானுப்ரியா. “அவ மட்டும் ஃபுல்லா பார்ப்பா மிஸ். திரை கறுப்பாகிற வரைக்கும் ஓட விடுவா. ஒவ்வொண்ணையும் மூணு தடவ பார்ப்பா.”

அம்சா பதிவேட்டை மூடினாள். ஊரில் ஒருத்தரும் கேட்காததை, கேட்கக் கூடாத ஒருத்தி மட்டும் கேட்டிருக்கிறாள்.

கலையரசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் நோட்டு பள்ளியிலேயே பேர் வாங்கிய நோட்டு. முத்துமுத்தான கையெழுத்து, இரண்டு கலர் பேனா, ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு. ஆய்வுக்கு யார் வந்தாலும் அந்த நோட்டைத்தான் எடுத்து நீட்டுவார்கள். போர்டில் இருப்பது ஒரு புள்ளி விடாமல் நோட்டுக்கு வந்துவிடும். அப்படி எழுதுகிற பெண்ணுக்குக் கணக்கு தெரியாது என்று யார் நினைப்பார்கள்? பரீட்சையில் நாற்பதைத் தாண்டாததற்கு பயம் என்று எல்லோரும் ஒரு காரணம் வைத்திருந்தார்கள்.

உல்டா கிளாஸில் பார்த்து எழுத போர்டு இல்லை. ஜூனில் மூன்றாவது நாள், கூட்டம் கூட்டமாகச் சுற்றிவந்த அம்சா கலையரசியின் பக்கத்தில் நின்றாள். எல்லாப் பேனாவும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் பேனா மட்டும் நின்றுவிட்டது. எங்கே நின்றது என்று குனிந்து பார்த்தபோதுதான், பத்தாம் வகுப்பு இயற்கணிதத்தில் இல்லை, ஐந்தாம் வகுப்புப் பின்னத்தில் நிற்கிறாள் என்று புரிந்தது. பதினேழு வருட சர்வீஸில் அம்சா ஒரு குழந்தையின் பேனா நிற்பதைப் பார்த்தது அன்றைக்குத்தான். அதுவரை போர்டைப் பார்த்து நின்றவளுக்கு, முதுகுக்குப் பின்னால் எத்தனை பேனா நின்றதோ!

அன்றிலிருந்து தினமும் பத்து நிமிடம் அவளோடு உட்கார்ந்து, கிறுக்கிக் கிறுக்கிப் பின்னம் சொல்லிக்கொடுத்து வந்தாள். அந்தக் கிறுக்கல் நோட்டைத்தான் ராஜ்குமார் அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பிரித்துப் பார்த்துவிட்டுப் பதறிப்போய்ப் புகார் எழுதினார். பெரிதாக ஒன்றும் தப்பில்லை. அவர் பத்து வருடமாக நோட்டை வைத்துத்தான் படிப்பை அளந்துகொண்டிருந்தார்.

*

பத்தே முக்காலுக்குப் பள்ளிக்கு எதிரே டீக்கடையில் அண்ணனும் தம்பியும் நின்றுகொண்டிருந்தார்கள். சீனுவாசன் கையில் டீ ஆறிப்போயிருந்தது.

“நான் உள்ள போய், சண்டையை இழுத்தது நான்தான்னு சொல்லிடறேண்ணே” என்றான் ஆனந்தராஜ்.

“நீ சும்மா இரு. ரெண்டு பேரும் பேசினதே போதும். பட்டனை அமுக்காதவன் நானு.”

“அண்ணி சொன்னது நிசம்தாண்ணே. அந்தப் பொண்ணு நோட்டைக் காட்டி மத்த பசங்களைத் திட்டியிருக்கேன். இவளைப் பார்த்து எழுதுங்கடான்னு. எனக்கும் தெரியல.”

சீனுவாசன் தம்பியைப் பார்த்தான். வாயாடிதான். ஆனால் தப்பை ஒத்துக்கொள்ளும்போது மட்டும் சின்ன வயதில் இருந்த முகம் வந்துவிடும். கோபமெல்லாம் போய்விட்டது. அவனுக்கும் ஒரு டீ சொன்னான்.

அப்போதுதான் கிளியனூர் பக்கமிருந்து வந்த ஒரு பைக் பள்ளி வாசலில் நின்றது. ஓட்டிவந்தவர் ராஜ்குமார். பின்னால் யூனிஃபார்மில் கலையரசி.

*

ஹெட்மாஸ்டர் மேசைமேல் புகார்க் கடிதம் விரிந்து கிடந்தது. அம்சா உட்காரவில்லை.

“சார், விசாரணைக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லிடணும்.”

“இருங்க டீச்சர். புகார் குடுத்தவன் நானு. நான் பேசறேன்” என்றார் ராஜ்குமார். வானூர்ப் பக்கம் கட்டட வேலை. அரைநாள் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். சட்டைப்பையில் இஞ்ச் டேப் துருத்திக்கொண்டிருந்தது.

“நேத்து சாப்டுக்கினு இருந்தேன் சார். இவ என் போன்ல பாடம் பார்த்துக்கினு இருந்தா. பாடம் முடிஞ்சுது. திடீர்னு டீச்சர் வீட்ல சண்டை.”

ஹெட்மாஸ்டர் கண்ணாடியை இறக்கி அம்சாவைப் பார்த்தார். அவருக்கு இது புதுச் செய்தி. அம்சா தரையைப் பார்த்தாள்.

“இவ பேரு வந்துச்சு. இவளுக்குக் கணக்கு தெரியலன்னு சொன்னாங்க. எனக்கு ஆத்திரம் சார். போனைப் புடுங்கலாம்னு எழுந்தேன். அதுக்குள்ள டீச்சர் அடுத்த வார்த்தை பேசினாங்க.” அவர் துருத்திக்கொண்டிருந்த டேப்பை உள்ளே தள்ளிக்கொண்டார். “‘அவ மேல தப்பு இல்ல ஆனந்து. என் தப்பு. போன வருஷம் ஒன்பதாவதுலயும் நான்தான் அவளுக்குக் கணக்கு. வருஷம் பூரா எதிர்ல நின்னேன். நோட்டைத்தான் பார்த்தேன், பொண்ணைப் பார்க்கல.’ இதைத்தான் சொன்னாங்க சார்.”

 தான் இப்படிச் சொன்னது அம்சாவுக்கே ஞாபகமில்லை.

“ஒண்ணாவதுலேர்ந்து பேரன்ட்ஸ் மீட்டிங் வர்றேன் சார். ஒங்க பொண்ணு நல்லா எழுதுது, கவனம்தான் பத்தலன்னு சொல்வாங்க. நானும் வீட்ல போய் இவளைத் திட்டுவேன். என் தப்புன்னு சொன்ன ஒரு வாத்தியாரை நான் பார்த்ததில்ல.”

கலையரசி அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்றாள். முகம் தெரியவில்லை.

“அப்புறம் டேப்பை எடுத்தேன். அரை இஞ்ச்சும் கால் இஞ்ச்சும் எவ்ளோன்னு கேட்டேன். முக்கால்னு டக்குனு சொல்றா. அதையே பேப்பர்ல எழுதுன்னா, ஆறுல ரெண்டுன்னு எழுதிட்டு, இல்ல இல்லன்னு அடிச்சு, டீச்சர் சொல்லிக்குடுத்தாப்ல மறுபடி போட்டு முக்காலுக்கு வந்தா. எனக்கு அப்பத்தான் அந்தக் கிறுக்கல் என்னான்னு புரிஞ்சுது. எனக்கே பேஜாரா போச்சு சார். நோட்டு நெறஞ்சா படிப்பு நெறஞ்சுதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன்.”

கடிதத்தைத் தன் பக்கம் இழுத்து, தன் கையெழுத்தின் மேல் ஒரு கோடு போட்டார்.

“மீதி பதினேழு பேரு?” என்றார் ஹெட்மாஸ்டர்.

“நான் கேட்டதாலதான் போட்டாங்க. நானே போய் ஜல்தியா சொல்லிடறேன்.” பிறகு அம்சாவின் பக்கம் திரும்பினார். “ஆனா டீச்சர், எம் பொண்ணு பேரைச் சொல்லியிருக்க வேணாம்.”

“சொல்லியிருக்கக் கூடாதுங்க. மன்னிச்சுக்குங்க.” அம்சா கைகூப்பினாள். “ஒண்ணு மட்டும் சொல்றேன். வேற யாரும் கேட்கல. நான் காலையில வகுப்புல விசாரிச்சிட்டேன். வணக்கம்னு சொன்னதும் எல்லாரும் நிறுத்திட்டாங்க.”

“ஒருத்தரும் கடைசி வரைக்கும் பார்க்கலையா?” என்றார் ஹெட்மாஸ்டர்.

“ஒருத்தரும் இல்லைங்க.”

முதலில் சிரித்தது ஹெட்மாஸ்டர். அடக்கப் பார்த்தார், முடியவில்லை. ராஜ்குமாரும் சிரித்துவிட்டார். அம்சாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. 

“உல்டாவே ஓடட்டும் டீச்சர்” என்றார் ஹெட்மாஸ்டர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “அரையாண்டு மார்க்கைப் பார்த்துட்டு மேல பேசுவோம். ஒரு கண்டிஷன். வீடியோ எடுக்கறது யாரு?”

“எங்க வீட்டுக்காரருங்க.”

“அவரை மாத்துங்க.”

*

வராந்தாவில் கலையரசி தூணோரம் காத்திருந்தாள். அப்பா பைக்கை எடுக்கப் போயிருந்தார்.

“எம்மேல கோவமா கலை?”

“நேத்து அழுதேன் மிஸ்.” கொஞ்சம் யோசித்தாள். “ஆனா அழுது முடிச்சப்புறம் நல்லா இருந்துச்சு. இனிமே எங்கப்பா முன்னாடி நோட்டை அழகா வெச்சுக்க வேணாம்ல? அஞ்சாவதுலேர்ந்து அப்படியேதான் மிஸ் இருந்தேன். யாராச்சும் பார்த்துடுவாங்களோன்னு தினமும் பயம். நேத்து ராத்திரிதான் நல்லா தூங்கினேன்.”

அம்சா அவள் தலையில் கை வைத்தாள். தான் பட்ட பாடு ஒரு காலைப்பொழுதுதான், இந்தப் பெண் ஐந்து வருடம் பட்டிருக்கிறாள் என்று நினைத்தபோது மனசு கனத்தது. கூடவே லேசாகவும் இருந்தது. இரண்டு பேருடைய பயமும் ஒரே வீடியோவில் தொலைந்துபோயிருக்கிறது.

“போ, மூணாவது பீரியடுக்குப் போய் உட்காரு.”

கலையரசி நகரவில்லை. பையின் வாரைத் திருகிக்கொண்டே நின்றாள்.

“மிஸ், அந்த வீடியோ கடைசில இன்னும் கொஞ்சம் இருக்குது. நீங்க கோவமா உள்ள போயிட்டீங்க. அப்புறம் ஆனந்தராஜ் சார் மட்டும் யார்கிட்டயோ போன்ல பேசறாரு. அப்பா அதுக்குள்ள கை கழுவப் போயிட்டாரு. நான் மட்டும்தான் கேட்டேன்.”

“என்ன பேசினாரு?”

“ஜகபர் சாதிக்னு ஒருத்தர்கிட்ட மிஸ். ‘பாஸ்போர்ட் வந்துடுச்சுடா. இருபத்தேழாம் தேதிக்கே துபாய் டிக்கெட் போட்டுடு. சென்டரை மூடிடறேன், பசங்களே இல்ல. அண்ணன்கிட்ட இன்னும் சொல்லல’ன்னாரு.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் மிஸ்.”

சொல்லிவிட்டு வகுப்பைப் பார்த்து ஓடிவிட்டாள். அம்சா அந்த இடத்திலேயே நின்றாள். கோட்டக்குப்பத்து ஜகபர் சாதிக்கை அவளுக்குத் தெரியும். ஆனந்தராஜோடு காலேஜில் படித்தவன், இப்போது துபாயில் இருக்கிறான். இன்றைக்குத் தேதி பத்தொன்பது.

தான் ஜெயித்த ஜெயிப்பில் யார் தோற்றார்கள் என்று அவள் இதுவரை யோசித்துப் பார்த்ததே இல்லை. பதினாலு பேர் நின்றுவிட்டார்கள் அண்ணி என்று அவன் நேற்று சொன்னபோது அது சண்டை என்றுதான் நினைத்தாள். அவன் பேனா அங்கேதான் நின்றிருக்கிறது. குனிந்து பார்க்காமல் கத்திவிட்டு உள்ளே போயிருக்கிறாள்.

வாசலுக்கு வந்தபோது ஆனந்தராஜ்தான் முதலில் சாலையைக் கடந்து ஓடிவந்தான். சீனுவாசன் கையில் அவளுக்கான டீயோடு பின்னால் வந்தான்.

“என்னா அண்ணி ஆச்சு? உல்டா இருக்குதா, போச்சா?”

“இருக்குது.”

“அப்பாடா!” என்று நெஞ்சில் கைவைத்துச் சிரித்தான். பொய்ச் சிரிப்பில்லை. நிஜமாகவே அவளுக்காகச் சந்தோஷப்பட்டான். அதுதான் அம்சாவுக்குத் தாங்கவில்லை.

“ராத்திரி பூரா தூங்கல அண்ணி, உங்களைப் போய் அப்படிப் பேசிட்டேனேன்னு. இப்பத்தான் நிம்மதி.”

சீனுவாசன் டீயை நீட்டினான். அம்சா அதை வாங்கவில்லை. கொழுந்தனின் முகத்தையே பார்த்துக்கொண்டு, திட்டாமல், குரலை உயர்த்தாமல், கலையரசியின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிற மாதிரியே கேட்டாள்.

“ஆனந்து, பாஸ்போர்ட் எப்ப வந்துச்சு?”

சீனுவாசன் டீ டம்ளரோடு தம்பியைத் திரும்பிப் பார்த்தான்.